அகஸ்ரின் பார்த்த அன்னங்கள்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ

அன்பு மகள் அட்சயாவுக்குக் குஞ்சியப்பா எழுதுவது. இங்கே நானும் உன் குஞ்சியம்மா யோகராணியும் முழங்கால் நோவைத் தவிர மற்ற எல்லா விதத்திலும் சுகம். நீயும் அஜந்தாவில் சுகமாக இருக்கிறாய் என்று அறிந்தோம். அறிந்தது உன் வாயால் அல்ல, அகஸ்ரின் வாயால். அதுதான் இன்னும் என் வயிற்றில் எரிகிறது. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

தாய் தகப்பன் போன பிறகு உன்னை வளர்த்தவன் நான். ஆனை புதையும் பனிக்குள்ளால் உன்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவனும் நான். (ஆனை என்பது கொஞ்சம் கூடத்தான், ஒரு கன்றாவது புதையும்.) அகஸ்ரின் யார்? பக்கத்து வீட்டுக்காரன். இந்தியாவுக்குச் சுற்றுலா போகிறான் என்று கேள்விப்பட்டதும், குஞ்சியம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூளை உன்னிடம் சேர்த்துவிடு என்று கெஞ்சிக் கொடுத்துவிட்டவன் நானேதான். இங்கேயிருந்து ஆர் பிளேன் ஏறினாலும் ஒரு பார்சல் கொடுத்துவிடுவது நம் சனத்தின் வழக்கமல்லவா. ஆள் தூளைக் கொடுத்துவிட்டு வராமல் நீ கூட்டிப்போய்க் காட்டக் காட்டக் குகை குகையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

வந்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒருவரும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கவில்லை. எதிர்வீட்டுச் செரீனாவின் பிறந்தநாளில் கேக் வெட்டக் கத்தியைத் தூக்கினால், அண்ணை, அந்தக் குகையளை மேலயிருந்து கீழ வெட்டினவங்கள், முதல் கூரை, கடைசியிலதான் தரை என்று தொடங்குகிறான். பிக்குமார் படுத்த கல்லுக் கட்டிலுக்குக் கல்லிலேயே தலையணையாம். சரிந்து படுத்திருக்கிற பெரிய புத்தரின் படத்தைப் போனில் காட்டியபோது, உங்களப் போலத்தான் சரிஞ்சு கிடக்கிறார், ஆனா அந்த அமைதிதான் உங்கட முகத்தில இல்லை என்று உன் குஞ்சியம்மா எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். எப்படி இருக்கும் அமைதி?

இதையெல்லாம் பொறுத்தேன். குகைக் கூரை ஓவியத்தில் நீ புகைக்கறை துடைத்து எடுத்துக்கொண்டிருக்கிற அன்ன வரிசையை உனக்குப் பக்கத்தில் சாரப் பலகையில் ஏறி நின்று பார்த்தானாம். ஒவ்வொரு அன்னமும் ஒவ்வொரு விதமாகக் கழுத்தை வளைக்கிறதாம். முடிஞ்சதும் திரும்ப வாங்கோ அங்கிள், முழுசாக் காட்டுறன் என்று நீ சொன்னாயாமே! அதைக் கேட்டு எனக்கு வந்த காய்ச்சலில் வீட்டு ஹீற்றரை நிற்பாட்டிவிட்டோம்.

நீ என்னையும் கூப்பிட்டாய்தான், இல்லையென்று சொல்லவில்லை. வாத்துப் பாக்க அவ்வளவு தூரமோ, இஞ்ச பார்க் முழுக்க வாத்துத்தானே என்று நான்தான் சொன்னேன். அதன்பிறகு நீ கூப்பிடவேயில்லை. நேற்றுப் பார்க்கில் நின்று ஒரு வாத்தை நெடுநேரம் பார்த்தேன். அது கழுத்தை வளைத்துச் சீறிக்கொண்டு என்னைக் கார் வரைக்கும் துரத்தியது. வீட்டுக்கு வந்து டிக்கெற் போட்டுவிட்டேன். தை பிறக்க வாறன். முழங்கால் பலகையில் ஏறாவிட்டால் நீ என்னைத் தூக்கு, நான் தூக்கவில்லையா? அதுவரை முடிந்த அன்னங்களை ஒருவருக்கும் காட்டாதே. அகஸ்ரின் வந்து நின்றால் குகைக்குக் கதவு போட்டுவிட்டார்கள் என்று சொல்லு.

அண்ணாந்து வேலை செய்கிற கழுத்துக்கு இரவில் எண்ணெய் பூசு. தூசிக்கு முகமூடி போடு. மிளகாய்த்தூளைச் சிக்கனமாகப் பாவித்துக்கொள், அடுத்தது என் கையோடுதான் வரும்.

இதை மடிக்கும் நேரத்தில் அகஸ்ரின் வந்து கதவைத் தட்டினான். நான் போகிற செய்தி அதற்குள் அவனுக்கு எட்டிவிட்டது. குகைக்குள் உனக்குக் குளிருமாம், அவன் மனைவி கிளடிஸ் பின்னிய சுவெற்றரை நான் கொண்டுபோய்க் கொடுக்கவேணுமாம். எப்படி மாட்டேன் என்பது? பெட்டியில் வைத்துவிட்டேன். நல்ல சுவெற்றர், நீல நிறம். ஆர் தந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதே.

நீ தொடுகிற நிறமெல்லாம் துலங்கட்டும், நோய்நொடி உன் பக்கம் வராதிருக்கட்டும்.

உன்னைத் தோளில் சுமந்த ஒரே குஞ்சியப்பா,
இராசரத்தினம்