நாலாம் துணி கட்டிய மரம்

வெல்லாவெளி,
23 தை 1938, ஞாயிறு.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் அன்னப்பூரணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அண்ணனும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பிள்ளையாரைத் தினமும் தொந்தரவு செய்கிறேன்.

அத்தான், நாம் வென்றுவிட்டோம்! இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இனி ஆறுதலாக எழுதுகிறேன், நீங்களும் ஆறுதலாகப் படியுங்கள்.

போன ஞாயிறு, உங்கள் நில அளவைக் கந்தோரில் படம் வரையும் றவூப் ஏறாவூரிலிருந்து வந்தார். துரையின் காட்டுப் போட்டிக்காக நீங்கள் புரட்டாதியில் நடந்து அளந்து வரைந்த படம் அவர் கையில் இருந்தது. கொழும்பு, கண்டி, திருகோணமலையிலிருந்து வரும் சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு சோடிகள் வருகிறார்களாம். சோடிக்கு ஒரு படம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் ஏழு மரங்களில் கட்டிய வெள்ளைத் துணிகளைக் கண்டுபிடித்து முதலில் திரும்புகிறவர்களுக்கு வெற்றி. ஆனால் மாரி மழைக்குப் பிறகு படம் ஓரிடம், நிலம் ஓரிடமாகக் கிடக்கிறது என்றும், துரை போட்டியை நிறுத்தி, படம் பிழை என்று எழுதி, உங்கள் வேலைக்கு வேறு ஆள் எடுக்கப் போகிறார் என்றும் றவூப் சொன்னார்.

கால் சேதியும் அவர் வாயால்தான் வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்து ஒரு மாதமாகிறதாம். துணி கட்ட மரம் பார்த்துத் திரிந்தபோது குத்திய முள் இவ்வளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. நீங்கள் எனக்கு எழுதியதோ, "காய்ச்சல், சுகமாகி வருகிறது." அத்தான், அன்று அழுதேன். அழுது முடிந்ததும் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில்தான் படத்தை றவூப்பிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

மறுநாள் கோணாமலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு காட்டில் இறங்கினேன். "பொம்புளப் புள்ளைக்கு சேத்துக்குள்ள என்னகா வேலை?" என்று கேட்டார். "படத்த வாசிக்க ஒனக்குத் தெரியுமா?" என்றேன். அதன் பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார்.

முதல் மூன்று துணிக்கும் ஒரு குறையுமில்லை. பாலை மரங்கள் நிற்கும் மணல்மேடு, கால் புதையாது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சூரை முள் மழைக்குத் தழைத்து வழியை மூடியிருந்தது. மேற்கே ஒரு கூப்பிடு தூரம் சுற்றினால் மாடு போகிற தடம் இருக்கிறது. அதைப் படத்தில் குறித்துக்கொண்டேன்.

நாலாவதில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். "குழை தொங்கும் மரத்திலிருந்து வடக்கே இருநூறு அடி" என்று குறித்திருக்கிறீர்கள். செட்டிபாளையத்துக் கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இது எப்படித் தெரியும்? காட்டுக்குள் நுழைகிறவன் பிள்ளையாருக்கென்று ஓர் இலைக் குழை முறித்துத் தொங்கவிடுவான், சரிதான். ஆனால் வழி எங்கே நுழைகிறதோ அங்கே நிற்கிற மரத்தில்தான் தொங்கவிடுவான். நீங்கள் குழை பார்த்த மருதை மரத்தடியில் வெள்ளம் ஏறியதும் விறகுக்காரர்கள் மேட்டுப் பக்கம் புது வழி எடுத்துவிட்டார்கள். இப்போது குழையெல்லாம் கால் மைல் கிழக்கே ஒரு வீரை மரத்தில் தொங்குகிறது. பிள்ளையாரையே இடம் மாற்றிவிட்டார்கள், உங்கள் படத்துக்கா மரியாதை கொடுப்பார்கள்? குழைப் பேச்சை அடித்துவிட்டு, "இரண்டாகப் பிளந்த மருதை" என்று எழுதினேன். மரம் வெள்ளத்துக்கு நகராது.

கடைசி மூன்றும் படத்தில் உள்ளபடியே இருந்தன. மீதி இருந்தது வட்டை வயல்வெளித் தண்ணீர். மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு அதைக் கடந்துதான் போகவேண்டும். இடுப்பளவு நின்றது. அது மழைத் தண்ணீரல்ல, வாவி நிரம்பி எதிர்த்து ஏறிய தண்ணீர். புதன்கிழமை முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு விடப்போவதாகச் சேதி வந்திருந்தது. வெட்டினால் சனிக்கிழமைக்குள் வெளி காய்ந்துவிடும் என்று, திருத்திய படத்தை நகலெடுக்கக் கொடுத்து, றவூப் மூலம் துரைக்குச் சொல்லி அனுப்பினேன். சனி விடியும்வரை பார்ப்பேன், தண்ணீர் நின்றால் போட்டியும் இல்லை, அந்தப் படம் வரைந்தவனும் இல்லை என்று பதில் வந்தது.

புதன் வெட்டினார்கள். வியாழனும் தண்ணீர் இடுப்பில். வெள்ளி மாலை முழங்காலுக்கு மேல். கடல்காற்று தண்ணீரைத் தடுக்கிறது என்றார் அண்ணன். எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் பிழைப்பை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று பயந்து செத்தேன். சனி விடியப் போய்ப் பார்த்தால் வெளி முழுக்கக் கொக்கு! கணுக்காலளவு சேறு, அடியில் கெட்டி நிலம். அண்ணன் கூவிய கூவலுக்குக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது.

பன்னிரண்டு சோடியும் போய், பன்னிரண்டும் திரும்பின. ஒருவரும் வழி தவறவில்லை. கண்டிச் சோடி முதலாவது. துரை எல்லோருக்கும் முன்னால் படத்தை உயர்த்திப் பிடித்து, இந்த வெள்ளத்திலும் நம்பி நடக்கக்கூடிய படம் என்றாராம். திருத்தியது யார் என்று கேட்க, றவூப் பயந்து பயந்து, "கனகசிங்கத்துட பெண்சாதி, சேர்" என்று சொல்லியிருக்கிறார். துரை சிரித்துவிட்டு, கனகசிங்கத்துக்குப் படம் வரையும் மேசையைப் போட்டு வையுங்கள், காட்டுக்குப் போக வேறு கால்கள் இருக்கின்றன என்றாராம். மேசைக் கடிதம் உங்களுக்குத் தனியாக வரும்.

இனிக் கொழும்பிலேயே இருந்துவிடுகிறேன், ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன் என்று றவூப்புக்கு எழுதினீர்களாம். அதற்குப் பதில் இதுதான். மட்டக்களப்பு ஸ்டேசனில் அண்ணன் நிற்பார். குருமண்வெளித் துறைவரை பஸ் வருகிறது. துறையில் தண்ணீர் இறங்கிவிட்டதால் தோணி கரையோடு அணையும், குதிக்கத் தேவையில்லை. அக்கரையிலிருந்து வண்டி வாசல்வரை வரும். வாசல் மூன்று படியையும் நேற்று மாலை அண்ணன் இடித்து, மண் போட்டுச் சரிவாக்கிவிட்டார். நான் ஏறி இறங்கிப் பார்த்தேன். வழுக்கவில்லை.

வழி முழுவதும் நானே பார்த்து எழுதியது, அத்தான். நம்பி வாருங்கள்.

உங்கள்
அன்னப்பூரணி