உட்கூரைக்கு மேலே

லெய்ட்டன், லண்டன்
மார்ச் 4

கிரெய்க்குக்கு,

நீ எங்களை ஏமாற்றித்தான் இந்த மாடி வீட்டை விற்றாய்.

போன செவ்வாய்க்கிழமை அளவுநாடாவோடு ஒருவர் வந்தார். எங்கள் தலைக்கு மேல், ஓட்டுக்கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் தனி வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டதாம், பரணின் உரிமையாளர் போர்ச்சுகலில் இருக்கிறாராம். எங்கள் பரணுக்கு இன்னொரு உரிமையாளரா என்று என் கணவன் ஓவன் சிரித்தான். வந்தவர் சிரிக்கவில்லை, உன் பெயரைச் சொன்னார்.

வீடு பார்க்க வந்த அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "ஏறிப் பாரு, நெல். ரெண்டு ஜன்னல் வெச்சா டெசாவுக்கு ராணி மாதிரி ரூம். யாரு கேக்கப்போறா?" எங்கள் மகள் டெசா உன் ஞானமகள். தேவாலயத்தில் அவளுக்காக வாக்குக் கொடுத்தவனிடம் எழுதி வாங்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

இங்கே மாடி வீட்டை விலைக்கு வாங்கினாலும் கிடைப்பது நெடுங்காலக் குத்தகைதான்; அந்தக் குத்தகைப் பத்திரத்தோடு வந்த வரைபடத்தைப் பார்த்தோம். எல்லா அறைகளையும் சுற்றி, எங்கள் எல்லை என்று சிவப்புக் கோடு. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டோம். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தில் உயரம் தெரியாது என்பது மண்டையில் ஏறவில்லை. பதினோராம் பக்கம் சொல்கிறது, எங்கள் வீடு உட்கூரைப் பூச்சோடு முடிகிறது என்று. அந்த வரியைப் போடச் சொன்னவன் நீ. இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் நாலு சுவருக்குள் இருக்கும் காற்றைத்தான் வாங்குகிறோம். மண்ணும் ஓடும் உன்னைப் போன்ற நிலச் சொந்தக்காரர்களுடையவை.

டெசாவுக்குப் பதின்மூன்று வயது. தம்பியோடு ஒரே அறை. நடுவில் போர்வை கட்டி, அதன் பின்னால் உடை மாற்றுகிறாள்.

இப்போது நானும் பத்திரத்தைப் படித்துவிட்டேன். கூரை பழுதானால் மட்டும்தான் உன் ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் வரலாம். கட்டுவதற்கு வரும் உரிமையை எழுதிக்கொள்ள மறந்துவிட்டாய். பரணுக்கு ஒரே வழி டெசாவின் கட்டிலுக்கு நேர் மேலே. வெளியே சாரம் கட்டலாம் என்றால், தோட்டம் கீழ்வீட்டு வினிஃப்ரெட்டின் குத்தகையில் இருக்கிறது. அவளிடம் கேட்டேன். "அவனா? குளிர்காலம் பூரா என் சுவர் ஒழுகுச்சு, ஒரு போன் எடுத்தானா? என் அவரைப் பந்தல்ல ஒரு கம்பி ஊனட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு. நீ உக்காரு கண்ணு, டீ போடறேன்" என்றாள்.

பரணை எங்கள் குத்தகையில் சேர்த்துக் கொடு.

நெல்


ஜூன் 19

கிரெய்க்குக்கு,

மூன்று மாதமாக நீ வாய் திறக்கவில்லை. உன் ஆள் மட்டும் நேற்றுக் காலை மறுபடி வந்தார்.

"பத்து நிமிஷம் மேல போயிட்டு வந்துடறேங்க."

"கூரை ஒழுகுதா?"

"இல்லைங்க."

"அப்ப வழிய விடுங்க, புள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

உன் அனுமதி மூன்று வருடத்தில் காலாவதியாகும். அதுவரை நாங்கள் எங்கும் போகமாட்டோம். அடுத்த மாதம் வேலை ஆரம்பம் என்று யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்கள் உன்னைக் கேவலமாகப் பார்க்கப்போகும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நெடுநாள் இருந்து இதையெல்லாம் பார்க்கவேண்டும்.

கிரெய்க் மாமா ஏன் இப்படிச் செய்தார் என்று டெசா கேட்கிறாள். நான் பதில் சொல்லப்போவதில்லை. பரணை எங்களுக்குச் சேர்த்துத் தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போடு, இல்லை ஏன் செய்தாய் என்று அவளுக்கு நீயே எழுது.

நெல்