பஞ்சுக் குச்சியும் மோதிரமும்

மே 6
உறுதிப்பூசுதல் வகுப்பு: மறைமாவட்ட ஆயர் வந்து நெற்றியில் தைலம் பூசும் சடங்குக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். ஆயர் எதற்கு என்று கேட்டேன். “போட்டோவுக்கு சார்” என்றான் கடைசி பெஞ்சுக்காரன். நானும் சிரித்துவிட்டேன். பிறகு விளக்கினேன்: இயேசுவின் சீடரான அப்போஸ்தலர் ஒருவர் தலையில் கை வைத்தார், அவர் இன்னொருவர் தலையில். அப்படி வழிவழியாக வந்த கைதான் ஆயரின் கை. அது நம் நெற்றியைத் தொடும். முன் பெஞ்சில் என் பேத்தி கண் கொட்டாமல் கேட்டாள்.

மே 17
நாளைய சடங்குக்கு ஒத்திகை. பேத்தியின் நெற்றியில் உள்ள செதில்களைப் பார்த்துவிட்டு ஆயரின் செயலர் என்னைத் தனியே அழைத்தார். “இது என்ன பெரியவரே?” சொரியாசிஸ், தொற்றாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “சரி, பாத்துக்கலாம்.” எதைப் பார்த்துக்கொள்வார்? கேட்டிருக்க வேண்டும்.

மே 18
எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆயர் கட்டைவிரலால் தைலம் பூசினார். பேத்தியின் முறை வந்ததும் செயலர் ஒரு குச்சியை நீட்டினார், நுனியில் பஞ்சு. ஆயர் அதைத் தைலத்தில் தோய்த்து — சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. சடங்கில் அவளுக்குத் துணைநிற்கும் ஞானத்தந்தையாக அவள் தோளில் கை வைத்துப் பின்னால் நின்றேன். தோள் சுருங்கியது கைக்குத் தெரிந்தது.

“தாத்தா, எனக்கு மட்டும் ஏன் குச்சி?”

இரவு சாப்பிடவில்லை.

மே 25
பேத்தி கோவிலுக்கு வரவில்லை. “என்னத் தொட்டா ஒட்டிக்கும்னுதான அவருக்கு? இனிமே வரல.” மகள் என்னைப் பார்த்தாள். “நீங்க பக்கத்துலதானப்பா நின்னீங்க?”

நின்றேன். வெறுமனே நின்றேன்.

ஜூன் 3
ஆயர் இல்லம். வழியெல்லாம் மனப்பாடம் செய்தது அவர் முன்னால் பாதி மறந்துவிட்டது. “ஆண்டவரே, ஒரு தடவ வந்து பிள்ள தலையில கை வெச்சு ஜெபிச்சிட்டுப் போங்க. அது போதும்.”

“தைலம் பட்டுச்சுல்ல, அது செல்லும். படிச்சவர் நீங்க, தெரியாதா?”

தெரியும். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

வழக்கம்போல் முத்தமிட மோதிரக் கையை நீட்டினார். ஆயுள் முழுக்கக் குனிந்தவன், இன்று குனியவில்லை. கை அந்தரத்தில் நின்றது. கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வழி முழுக்க அதே கேள்வி: மரியாதைக் குறைவோ?

ஜூன் 8
மாலையில் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். “மோதிரத்த முத்தி செய்யலையாமே சார். ஆயர் ஆண்டவருக்கு வருத்தம். முதுகு வலின்னு சொல்லிடட்டுமா?”

ஆமாம் என்பது வாய்வரை வந்தது.

“முதுகு நல்லாத்தான் இருக்கு ஃபாதர். தொட மனசு வரல.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது. நான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும்; உள்ளறையில் பேத்தி சிரிப்பது கேட்டது.