மூலை திரும்பாத கரை

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஆடி மாதம் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு ஓய்வு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆடியில் டிசைன் பார்ப்பார்கள், ஆவணி பிறந்ததும் அச்சு. நகரியில் பஸ் ஏறித் திருப்பதி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள், சாயந்தரம் வரை எழுந்திருக்கவில்லை. மயில், மாங்காய், கலசம், யானை. ஒரு வீட்டுக்கு யானை இடப்பக்கம் பார்க்க வேண்டுமாம். திருப்பி வைக்க எனக்கு ஒரு நொடி. அதற்கு என் முதுகுக்குப் பின்னால் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

ஹர்ஷினி என்று ஒரு கல்யாணப் பெண். ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் வேலை. எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் அவளே மௌஸைப் பிடுங்கி, என் பேர் போட்ட ஃபோல்டரைத் திறந்துவிட்டாள்.

“இதான்க்கா. இத்தினி நேரம் ஏன் காட்டல?”

அவள் பேரை அதில் அடித்துக் காட்டினேன்.

அது என் அப்பாவின், எங்கள் நைனாவின், கருமாதி கார்டுக்கு நான் வரைந்த பார்டர். ரெண்டு வருஷம் ஆகிறது. நைனா தறியில் ஓட்டின சேலைக் கரையைப் பார்த்து வரைந்தது. ஒரு காம்பு, ஒரு மொட்டு, மறுபடி காம்பு. எங்கள் கடையில் கருமாதி பார்டர்களுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. அதிலிருந்து கல்யாணத்துக்குத் தவறியும் எதையும் எடுக்கமாட்டோம். இதை அங்கே போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் என் பேரிலேயே வைத்திருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? நாலு வருஷமாக யானை திருப்பிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக ஒருத்தி என்னுடையதைக் கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான்.

8 ஆகஸ்ட், வியாழன்

ஹர்ஷினியின் மெசேஜ்: அக்கா, நாலு மூலையிலும் டிசைன் சேரவில்லையே, கவனித்தீர்களா?

9 ஆகஸ்ட், வெள்ளி

கவனிக்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பெண் செய்கிற தப்பு. சேலைக் கரை நேராகப் போகும், நேராகவே முடியும். அது எங்கே மூலை திரும்பும்? அன்றைக்கு இருந்த நிலையில் நாலு பட்டையை நாலு பக்கமும் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கருமாதி கார்டில் யார் மூலையைப் பார்க்கப் போகிறார்கள். படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்றுகூட இல்லை. மிஞ்சினதைச் சித்தப்பா கிழித்தார்.

இன்று முழுக்க மூலை வரைந்தேன். காம்பை வளைத்தால் மொட்டு நசுங்குகிறது. மொட்டைக் காப்பாற்றினால் காம்பு ஒடிகிறது.

பக்கத்து மேஜையில் கார்டு மடிக்கும் சபீனா எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, இது உங்க நைனா கார்டுல இருந்ததாச்சே? நான்தான மடிச்சேன்.”

“ஆமா.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். “சொல்லிடுக்கா. பின்னால தெரிஞ்சா அவுங்க மனசு என்னா பாடுபடும்?”

12 ஆகஸ்ட், திங்கள்

முதலாளி முனிரத்தினம் அண்ணனிடம் சொன்னேன். “எவன் அந்தக் கார்ட எடுத்து வெச்சிக்கினு கீறான்? எல்லாம் கிழிச்சாச்சி. டிசைன் பாகுந்தி, நல்லாக் கீது. நீ சும்மா இரும்மா,” என்றார்.

அவர் சொல்வது சரிதான். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே!

மூலை இன்னும் வரவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

சொல்லிவிட்டேன்.

ப்ரூஃப் பார்க்க ஹர்ஷினியும் அவள் அம்மா கன்னியம்மாளும் வந்தார்கள். மூலை நேற்றுத்தான் சேர்ந்தது. மூலைக்கு முன்னால் மொட்டு கொஞ்சம் தலைகுனிகிறது, காம்பு அதன் அடியில் நுழைந்து திரும்புகிறது. ஹர்ஷினி அதை விரலால் தடவிப் பார்த்தாள். அந்த நேரத்திலா சொல்வது? சொன்னேன். நைனா, கருமாதி, எல்லாம். மாற்றாக ஒரு மயிலையும் தயாராக வைத்திருந்தேன்.

கன்னியம்மாள் ப்ரூஃபைக் கீழே வைத்துவிட்டார். “என்னாம்மா இது, கல்யாணத்துக்குக் குடுக்குறதா இத?”

ஹர்ஷினி தன் பேருக்கு மேலே இருந்த வரியைக் காட்டினாள். லேட் லோகேஸ்வரன் அவர்களின் மகள்.

“நம்ம நைனா பேரும் இதுலதானம்மா கீது. லேட்டுன்னு போட்டு. அத எடுத்துடச் சொல்றியா?”

அந்த அம்மாள் ப்ரூஃபை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி இன்றோடு முடிகிறது. அவர்களிடமிருந்து போன் இல்லை. “நல்ல பார்ட்டிய ஓட்டிட்டியே தாயே,” என்று அண்ணன் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியாயிற்று. சொல்லிக்கொள்ளட்டும். மயிலைத்தான் போடுவார்கள். இல்லையென்றால் வேறு கடை.

அந்த மூலையைச் சும்மா ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. பாவி, இப்போதா வரணும் நீ?

19 ஆகஸ்ட், திங்கள்

“அச்சுக்கு விட்டுடுங்கக்கா. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க,” என்று ஹர்ஷினி போனில் சொன்னாள்.

ரெண்டு தடவை கேட்டுக்கொண்டேன், எந்த டிசைன் என்று.

22 ஆகஸ்ட், வியாழன்

கார்டு வாங்க வந்தார்கள். எங்கள் கடையில் முதல் கார்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் கார்டுக் கட்டைக் கொடுப்போம். சபீனா மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்தாள். கன்னியம்மாள் தானாகவே ரெண்டு அடி பின்னால் போய்விட்டார். அண்ணன், மாடியிலிருக்கும் தன் மனைவியைக் கூப்பிடக் குரல் கொடுத்தார்.

“யாரும் வாணாம் சார். அம்மா, நீ வை,” என்றாள் ஹர்ஷினி.

கன்னியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். வைக்கும் முன் என்னிடம் திரும்பி, “உங்க நைனா பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

“சந்திரன்.”

தலையை ஆட்டிக்கொண்டே நாலு மூலையிலும் வைத்தார். நல்ல தாராளமான கை. நான் இத்தனை நாள் உட்கார்ந்து வளைத்த மூலை நாலும் மஞ்சளுக்கு அடியில் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. சபீனா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே எடுத்துப்போய் நைனா போட்டோ ஃபிரேமில் செருகி வைத்திருக்கிறாள். இதை யாரும் கிழிக்க மாட்டார்கள்.