ஈரம் படக்கூடாத இழை

கூலாய், ஜோகூர்
ஜூன் 8, ஞாயிறு

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

கூலாயிலிருந்து ஐயாசாமி அங்கிள் எழுதுவது. ஆய்வுக்கூடத்தில் மாப்பும் வாளியுமாகத் திரிந்த அதே அங்கிள்தான். நானும் காளியம்மாவும் சுகமாக இருக்கிறோம். கடல் தாண்டி சிபுவில் இருக்கும் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தாளை எடுத்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் கடிதத்தை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். வயது அறுபத்தொன்பது. கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ராசம்மா டீச்சர் நடத்தும் வகுப்பில் படித்தேன். இப்போது பஸ்ஸில் போனால் ஜன்னல் ஓரம்தான் உட்காருகிறேன். முடிதிருத்தகம், மளிகை, வாழையிலைச் சாப்பாடு, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். காளியம்மா, "அலமாக்! வாயை மூடிக்கிட்டு வாங்களேன், கூலாய் முழுக்க ஏலம் விடுற மாதிரி இருக்கு" என்கிறாள். திட்டினாலும் அவளுக்கும் சந்தோஷம்தான்.

ஒரு வரி எழுத எனக்கு நேரம் ஆகிறது. ஆகட்டும். மெதுவாகவே சொல்ல வேண்டிய விஷயம் இது.

நீ எனக்கு முதன்முதலில் அந்த வானவில்லைக் காட்டிய நாள் ஞாபகம் இருக்கிறதா? தடித்த கண்ணாடியை மாட்டிவிட்டு என்னை மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாய். பெட்டியிலிருந்து வரும் லேசர் கண்ணுக்கே தெரியாது என்றாய். அது தலைமுடியைவிட மெல்லிய ஒரு கண்ணாடி இழைக்குள் போகிறது, மறு முனையில் வெள்ளை அட்டை மேல் எல்லா நிறமும் சேர்ந்து விழுகிறது. அந்த இழை மற்ற இழை மாதிரி இல்லை, நீளம் முழுவதும் தேனடை மாதிரி ஓட்டைகள் இருக்கின்றன, அந்த ஓட்டைகள் வெளிச்சத்தை நடுவில் வைத்து நெருக்குகின்றன என்றாய். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாய். "தைப்பூசத்துல ஒரே சின்ன வாசல்ல எல்லாரும் ஒண்ணா நுழைஞ்சா என்ன ஆகும் அங்கிள்? உள்ள போறப்ப எல்லாரும் வெள்ளை வேட்டி. இடிச்சு நெருக்கி வெளிய வர்றப்ப ஒருத்தன் மஞ்சள், ஒருத்தன் குங்குமம், ஒருத்தன் சந்தனம். வெளிச்சத்தையும் அப்படி நெருக்கினா அதுவும் நிறம் மாறிடும் லா" என்றாய். ஒவ்வொரு நிறமும் ஒரு கூட்டத்தின் போன் பேச்சைச் சுமந்து போகலாம், நூறு லேசர் செய்கிற வேலையை ஒன்றே செய்யும் என்றாய். அன்றைக்கு வீட்டுக்குப் போய் காளியம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை.

இன்று இது போதும். விரல் மரத்துவிட்டது.

திங்கள்.

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நல்ல விஷயமாகவே எழுதியிருக்கிறேன். எழுத வேண்டியதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. இன்று போகிறேன்.

ஷாமளா, நான் தினமும் அக்குளில் தமிழ்ப் பேப்பர் வைத்துக்கொண்டு வருவேன் அல்லவா? இடைவேளையில் விரித்து வைத்துக்கொண்டு தலையாட்டுவேன். நீகூட, "அங்கிள், இன்னிக்கு என்ன நியூஸ்?" என்று கேட்பாய், நானும் சொல்வேன். அதெல்லாம் காலையில் காளியம்மா படித்துச் சொன்னது. எனக்கு ஓர் எழுத்துத் தெரியாது. ரப்பர் பால்மரக்காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை பார்த்தவரை அதற்குத் தேவை வரவில்லை. படித்தவர்கள் நடுவில் வேலைக்கு வந்த பிறகு வெட்கம் வந்தது. பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரியவர்கள் தலைநகரிலிருந்து பார்க்க வந்த அந்தக் காலை. புகைமூட்ட நாட்கள். ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் எல்லாவற்றின் மேலும் சாம்பல் மாதிரி படிந்திருந்தது. ஏழு மணிக்கெல்லாம் நான் கூடத்தைத் துடைத்து முடித்துவிட்டேன். உன் மேசையில் அந்த இழை அதன் தாங்கியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக நீ சரியாகச் சாப்பிடாமல் அதைப் பொருத்தியதை நான் பார்த்தேன். அதன் முனையிலும் தூசி இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் எல்லாரும் மற்ற இழைகளை எப்படித் துடைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். டிஷ்யூவில் ஸ்பிரிட்டைத் தொட்டு, முனையில் மெல்ல ஒற்றி எடுப்பீர்கள். அப்படியே செய்தேன். மூன்று முறை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்தேன்.

தாங்கி மேல் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தமிழ் எழுத்து என்று வடிவம் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. முக்கியமான நாளாயிற்றே, பிள்ளை சாமி பேர் எழுதி வைத்திருக்கிறது என்று நினைத்தேன். எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடியில் துடைத்துவிட்டு, கோணாமல் திரும்ப ஒட்டினேன்.

எட்டு மணிக்கு நீ ஓடி வந்தாய். "அங்கிள், தமிழ்ல எழுதி வச்சேனே, படிச்சீங்களா?" என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே, "படிச்சேன்மா, ரொம்ப நல்லா எழுதியிருக்க" என்றேன். நீ ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாய். அதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள்.

நான் கதவோரம் மாப்பைப் பிடித்துக்கொண்டு வானவில்லுக்காகக் காத்திருந்தேன். நீ பெட்டியில் லேசரைத் திறந்துவிட்டாய். இழையின் முனையில் ஊசி முனை அளவு ஒரு பளிச். தீய்ந்த வாசனை. அவ்வளவுதான். இழை போயிற்று. வெளிச்சம் திரும்பி அடித்து பெட்டியும் கெட்டுப்போயிற்று என்றார்கள். எட்டு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வந்த இழை. வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீ தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் உங்கள் கூடத்தின் தலைவர் லியோனார்ட் சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த ஓட்டைக்குள் ஏதோ ஈரம் ஏறியிருக்கிறது, யார் தொட்டது என்று கேட்டார். ஈரம் என்றதுமே அது என் கை செய்த வேலை என்று தெரிந்துவிட்டது. "நான் தொடல சார்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். "அங்கிள் தொட்டிருக்க மாட்டாங்க சார். சீட்டைப் படிச்சிட்டேன்னு சொன்னாங்க. நான்தான் முனைக்கு மூடி போட மறந்திருப்பேன்" என்றாய். என் முன்னாலேயே சொன்னாய். நான் சும்மா நின்றேன். கான்ட்ராக்ட்காரர் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் ஒரு பக்கம். படிக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டிவருமே என்ற பயம் அதைவிடப் பெரியது. அடுத்த மாதம் உன் ஆராய்ச்சிப் படிப்புக்கான உபகாரச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். நீ உன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "உடம்பைப் பாத்துக்கங்க அங்கிள்" என்றாய். அதற்கும் நான் தலையாட்டினேன்.

அந்த மஞ்சள் சீட்டைக் குப்பையிலிருந்து எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். யாரிடமும் கேட்க முடியாது. காளியம்மாவிடம் கொடுத்திருந்தால் அவள் அந்த நிமிஷமே என்னை லியோனார்ட் சாரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அதனால்தான் அவளிடம் கொடுக்கவில்லை. பென்ஷன் தாளில் கையெழுத்துப் போடப் பழக வேண்டும் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு வகுப்பில் சேர்ந்தேன். ஷாமளா, நான் எழுத்துக் கற்றது அந்த ஒரு சீட்டைப் படிப்பதற்காக. நடுவில் எனக்கே சந்தோஷம் வந்துவிட்டது, அது வேறு விஷயம். போன தீபாவளிக்கே படிக்கத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சீட்டை எடுக்கவில்லை. கடைப் பலகை, மாத்திரை அட்டை, காலண்டர் என்று மற்றதையெல்லாம் படித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன்.

ஏப்ரலில், கூலாய் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பிரித்தேன். மடித்த இடம் கிழிந்திருந்தது. உன் எழுத்து இப்படி இருந்தது:

"ஐயாசாமி அங்கிள், இந்த இழை முனையை மட்டும் துடைக்க வேண்டாம். ஈரம் பட்டால் ஓட்டைக்குள் உறிஞ்சிக்கொள்ளும். மற்றது எல்லாம் உங்கள் இஷ்டம். நாளை நீங்களும் வந்து வானவில் பாருங்கள்."

மூன்று பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை.

செவ்வாய்.

நேற்று அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் முதலில் காளியம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அந்தப் பிள்ளை நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுச்சே" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் உன் அப்பா சதாசிவத்தைப் பார்த்தேன். இந்த விலாசம் அவர் தன் ஊரான பெக்கோக்கிலிருந்து எழுதி அனுப்பியது. நீ இப்போது ரோட்டோரம் டெலிபோன் கேபிள் இணைக்கும் வேலை பார்ப்பதாகச் சொன்னார். திரும்பப் போய்ப் படி என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாராம். "'என் கை சரியில்லப்பா. அந்த மாதிரி சாமானைத் தொடுற கை இல்ல இது' அப்படின்னு சொல்லுது. நான் என்ன பண்றது?" என்று கேட்டார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். என்னால் இலையில் கை வைக்க முடியவில்லை. அங்கேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து வந்து, "இதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க, அதுக்கிட்ட சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது சரி.

போன புதன்கிழமை லியோனார்ட் சாரைப் பார்த்தேன். நடந்ததை என் கையாலேயே இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், தமிழ் பேசுவார், படிக்க வராது. "நீங்களே படிங்க" என்றார். அங்கே மாணவர்களும் நின்றார்கள். படித்தேன். நாலு பேர் முன்னால் நான் முதன்முதலாகப் படித்தது அதுதான். படித்து முடித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தத் தாளை உன் கோப்பில் சேர்ப்பதாகவும் மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். இடம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நீ வந்தால்தான் ஆகும் என்றார். "நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்குது" என்றார். உன்னைச் சரியாக விசாரிக்காமல் விட்டதற்கு அவருக்கும் வருத்தம் இருக்கிறது. அதை அவரே சொல்லட்டும். என் வேலையை நானே விட்டுவிட்டேன். அதற்காக நீ ஒன்றும் நினைக்காதே.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. தெரியாமல் துடைத்ததற்குக்கூடக் கேட்டுவிடலாம். தெரிந்து வாய் மூடி நின்றதற்கு என்னவென்று கேட்பது? அதனால் அதைக் கேட்கவில்லை. இரண்டு காரியம் மட்டும் கேட்கிறேன். லியோனார்ட் சார் போன் செய்தால் எடு. இத்துடன் வைத்திருக்கும் மஞ்சள் சீட்டைப் பார். அது உன் கைதானே எழுதியது? செய்ய வேண்டியதை அந்தக் கை முதல் நாளே செய்துவிட்டது. எழுத்துத் தெரியாத கிழவனும் வந்து வானவில் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கையைத் திட்டாதே அம்மா.

நீ எங்கே இருந்தாலும், எந்த இழையைத் தொட்டாலும், உனக்கு நல்லதே நடக்க வேண்டும். காளியம்மாவும் அதையே எழுதச் சொல்கிறாள்.

கோபமாக இருந்தால் கோபமாகவே இரண்டு வரி எழுது. நீளமாகத் திட்டினாலும் சரி. இந்த முறை படித்தேன் என்று சொன்னால், படித்துவிட்டுத்தான் சொல்வேன்.

தலைகுனிந்து,
ஐயாசாமி