ஸ்டீபனைத் தாண்டிப் போன சமாதானம்

ஜூலை 31, வியாழன்
விடாத மழை. துணி ஒண்ணும் காயல. கடைக்கு லீவு சொல்லிட்டு, கிழக்கேகோட்டையில பஸ் மாறி, ஆஸ்பத்திரிப் பக்கத்து லாட்ஜுக்குப் போனேன். இவர்கிட்ட சொல்லல.

இவரோட தம்பி ஸ்டீபன் அங்கதான், பொண்டாட்டி ரீனாவோட. அவனுக்குக் கீமோ போதும், ஊருக்குக் கொண்டுபோங்கன்னுட்டாராம் டாக்டர். திங்கள் மார்த்தாண்டம் போறாங்க. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு.

"அண்ணன் எப்படி இருக்கு மைனி?"ன்னு கேட்டான், அண்ணி என்னப் பாத்து.

ஆறு வருஷமா அண்ணன் தம்பிக்குள்ள பேச்சில்ல. அத்தை, இவங்க ரெண்டு பேரோட அம்மா, எங்க வீட்டுல இறந்தப்போ அவன் மஸ்கட்ல. மறுநாள் காலையில பிளைட். மழை, உடம்பு தாங்காதுன்னு இவர் அவன் வர்ற வரை நிக்காம அன்னைக்குச் சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டார். அவன் நேரா கல்லறைக்கு வந்து, எல்லார் முன்னாலயும் இவர் மேல கைய ஓங்கிட்டான். தப்பு ரெண்டு பக்கமும். முதல் தப்பு இவருது. அத இங்கதான் எழுத முடியும்.

சொல்லிட்டேன்: "அண்ணன் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருக்காரு. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வா." பச்சைப் பொய்.

ஆக. 1, வெள்ளி
வாங்க: சிறுபயறு, இவர் பி.பி. மாத்திரை, சோப்பு.

இவர்கிட்டயும் விட்டேன். "ஸ்டீபன் வர்றான். உங்க கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கணுமாம்." பேப்பர்லருந்து தலை நிமிரல. "கேக்கட்டு." கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு காபி கேட்டார்.

என் யோசனை இதுதான். திருவிருந்துக்கு முன்னால போதகர், முதல் பெஞ்சு ஓரத்து ஆளோட கையைத் தன் ரெண்டு கைக்குள்ள பொத்திச் சமாதானம் கொடுப்பார். வாங்கினவர் பக்கத்துல இருக்கிறவருக்குக் கொடுக்கணும். அப்படியே கடைசி பெஞ்சு வரை. இவர் கமிட்டி மெம்பர், அந்த ஓரம் இவருது. பக்கத்துல ஸ்டீபன உக்கார வச்சாப் போதும். வாய் வராட்டியும் கை போய்த்தான் ஆகணும்.

ஆக. 3, ஞாயிறு
எழுதக் கை வரல.

பிரசங்கம் சமாதானம் பண்றதப் பத்தியே. சண்டை போடாம இருக்கிறது சமாதானம் இல்ல, முதல்ல இறங்கிப் போறதுதான்னார் போதகர். இவர் தலையாட்டினார். பக்கத்துல ஸ்டீபனும் ஆட்டினான். பெண்கள் பக்கத்துலருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம், முட்டாளுக்கு.

போதகர் இவருக்குக் கொடுத்தார். இவர் திரும்பினார். ஸ்டீபன் ரெண்டு கையும் கூப்பி நின்னான். அப்புறம் ஒண்ணுமில்ல. அவன் முதல்ல கேப்பான்னு இவர், அண்ணன் முதல்ல கேப்பாருன்னு அவன். ரெண்டு காதுலயும் ஓதினது நான். பின்னால ஆளுங்க காத்து நிக்காங்க. இவர் அப்படியே பின்பக்கம் திரும்பி, ரெண்டாவது பெஞ்சு சாருக்குக் கொடுத்துட்டார். அங்கிருந்து எல்லாருக்கும் போச்சு. எனக்கும் வந்துது.

ஸ்டீபன் கையைப் பிரிச்சு பாக்கெட்டுல விட்டுக்கிட்டான். திருவிருந்து அப்பம் எடுக்காம வெளியே போயிட்டான். ரீனா பின்னாலயே ஓடினா. இவர் எடுத்தார். நானும் எடுத்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எடுத்தேனோ.

வீட்டுல இவர்: "கையப் பிடிப்பான்னியே. மரம் மாதிரி நின்னான்." நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

ஆக. 6, புதன்
காலையிலருந்து தலைவலி. கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

ரீனா போன். "ஊர்ப் போதகர்கிட்ட இவங்க எழுதிக் கொடுத்துட்டாங்கக்கா. தன் அடக்கத்துக்கு அண்ணன் வரக் கூடாதாம். பெட்டியில கை வைக்கக் கூடாதாம்."

எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னது நான்னு. ரீனா அழாமத்தான் சொன்னா: "நீங்க சும்மா இருந்திருக்கலாம்க்கா. அண்ணன் என்னைக்காவது வரும்னு நம்பிக்கிட்டாவது இருந்தாங்க. இனி நீங்க சொன்னதா நான் போய் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

முழங்கால் போட்டேன். இனி யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டேன் ஆண்டவரேன்னு ஜெபம்.

மத்தியானம் சாப்பிடும்போது இவர், தட்டப் பாத்துக்கிட்டே: "ஸ்டீபனுக்கு எப்படி இருக்காம்?" ஆறு வருஷத்துல அந்தப் பேரு இவர் வாயில வந்தது இன்னைக்குத்தான்.

"உங்கள விசாரிச்சானாம்"னேன்.