ஆமைக் காரின் முன்சக்கரம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. ரிமோட் கார் பேட்டரி சார்ஜ்ல இருக்கு, பச்சை விளக்கு எரிஞ்சதும் கழட்டிடுங்க.

நீங்க ஆசைப்பட்ட, ராக்கெட் மாதிரி பறக்கிற காரை வாங்க விடலைன்னு நேத்து முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க. முதல் காருக்கு வேகம் எதுக்கு, உடைஞ்சா உதிரிபாகம் நம்ம தெருக்கடையிலேயே கிடைக்கணும்னு நான்தான் ஒத்தைக்கால்ல நின்னு இதை வாங்க வெச்சேன். பஸ் ஓட்டுறவ சொன்னா அதுல விஷயம் இருக்கும்.

விஷயம் இருந்துச்சு. காலையில நீங்க தூங்கும்போது மாடியில கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். தண்ணித் தொட்டியில மோதி, காரோட முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் கை ஒடிஞ்சுபோச்சு. டூட்டி முடிஞ்சு வரும்போது ரெண்டு வாங்கிட்டு வரேன். ஒண்ணு இப்போதைக்கு, இன்னொண்ணு உங்க முறைக்கு.

பி.கு: இதைப் போய் ஆமைன்னு சொன்னீங்களே. ஆமை இல்லைங்க.